விளக்குக்காக அச்சடித்த நிறம்

பால் பாக்கெட்டை வெட்டிய கத்தரிக்கோலைக் கழுவி வைத்தான், டீ குடித்தான், நேற்றுத் துவைத்த ஸ்வெட்டர் காயவில்லை, அதையே மாட்டிக்கொண்டான், குன்னூரில் எதுதான் ஒரே நாளில் காய்ந்தது... ஷாம்பு பாக்கெட் இரண்டு, தண்ணீர் பீய்ச்சும் புட்டி, துணி சுற்றிய பிளாஸ்டிக் தகடு, பிளேடு, எல்லாம் பையில் இருக்கின்றனவா என்று ஜாபேஸ் பார்த்தான், இருந்தன. கடைசியாக அந்த அட்டைக் குழாய். அதற்குள் மனைவி ஆன்சி வரைந்து அச்சடித்து வைத்த வினைல் ஸ்டிக்கர், ஒரே ஒரு பிரதி. ஏழு மாதமாக அலமாரிக்கு மேலே கிடந்தது. படத்தின் ஃபைல் அவளுடைய கம்ப்யூட்டரில், பாஸ்வேர்டு அவளோடு போய்விட்டது, இது கெட்டால் இன்னொன்று கிடையாது. இயற்பியல் பட்டம் வாங்கியவன், ஸ்டிக்கர் கடைக்குச் சொந்தக்காரன், இதுவரை ஒட்டிய ஸ்டிக்கர் எத்தனை? ஒன்றும் இல்லை. அவன் ஆர்டர் பிடிப்பான், ஏணியைப் பிடிப்பான். ஒட்டுவது அவள்.

ஊட்டி பஸ்ஸில் ஜன்னல் மூடவில்லை, குழாயை மடியில் படுக்க வைத்துக்கொண்டான், லவ்டேல் பக்கம் மழை தூறியது... நாளைக்கு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் மாமியார் தபித்தாள் வழக்கம்போலக் கேட்பார், எம்புள்ள கடைசியா என்ன சொன்னா மாப்ள? ஏசப்பான்னு சொன்னா அத்தை, என்று முதல் வாரமே சொல்லிவிட்டான், பொய், ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறார், நம்பவில்லையோ. ஆன்சி தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாள், ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், தலைநிமிர்ந்தபோது தரையில் கிடந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். என்ன பேசினாள்? காதில் விழாமலா இருந்திருக்கும்... விழுந்தது எங்கே போனது?

“வாப்பா ஜாபேஸு” என்றார் லியோ அண்ணன். ஏரிப் பக்கம் வீடியோ கேம் கடை வைத்திருப்பவர், ஏழு மாதத்தில் ஒருமுறைகூட வேலை என்னாச்சு என்று கேட்காதவர். “இந்தப் பொட்டி மொட்டத் தலையோட நிக்குது, அங்கிள் இது ரிப்பேரான்னு கேக்குதுங்க புள்ளைங்க. யாரு ஒட்டறது, நீயா?” ஆமாங்கண்ணா. “கர்த்தரே” என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், போவதாக இல்லை. கார் ரேஸ் பெட்டி அது, ஆளுயரம், நெற்றியில் வைக்கும் பால்வெள்ளை அக்ரிலிக் பலகையைக் கழற்றி மேஜையில் கிடத்தினான், ஷாம்பு தண்ணீரைப் பீய்ச்சினான், பின்தாளை உரித்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு... அவள் தகட்டைச் சாய்த்துத்தான் பிடிப்பாள், நாக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, காற்றுக் குமிழிகளைக் கோழி விரட்டுவதுபோல் போ போ வெளிய போ என்று விரட்டுவாள், ஒன்றுகூடத் தங்காது, இந்தக் குளிரில் விறைத்துக்கொள்ளும் வினைல் அவள் கையில் மட்டும் எப்படிப் பணிந்தது. ஏணியைப் பிடித்தபடி எத்தனை தடவை பார்த்திருக்கிறான், பார்த்ததெல்லாம் கைக்குள் எங்கோ கிடந்திருக்கிறது, தகடு தானாகச் சாய்கிறது, தண்ணீர் ஓரத்தில் வழிகிறது, போ, வெளிய போ, சொன்னது அவன்தானா?

“ரொம்ப இருட்டா இருக்கேப்பா நிறம்” என்றார் லியோ அண்ணன். அவனும் அவள் அச்சடித்த அன்றைக்கு அதைத்தான் சொன்னான், அடிச்சது வீண் என்றான், அவள் சிரித்தாள், லைட்டுக்கு அடிச்சதுங்க, உங்களுக்கா அடிச்சேன்? பலகையைப் பெட்டியின் விளக்குக்கு முன்னால் சாத்தி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டான். கறுப்பாகக் கிடந்த மலை நீலமாக விடிந்தது, கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக மஞ்சளில் தெரிந்தன, வெளிச்சம் எவ்வளவு நிறத்தைத் தின்னும் என்று கணக்குப் பார்த்து அவ்வளவையும் முன்கூட்டியே ஊற்றி வைத்திருக்கிறாள், இயற்பியல் படித்தது யார்? வளைவில் திரும்பும் ஜீப்பின் இரண்டு முகப்பு விளக்குகளில் மட்டும் அவள் மையே போடவில்லை, வெறுமனே விட்டிருக்கிறாள், அந்த இரண்டு வட்டத்திலும் நிஜ வெளிச்சம் எரிந்தது. கூட வாழ்ந்தவனுக்கு இது தெரியவில்லையே... எவ்வளவு கெட்டிக்காரி.

“அடேயப்பா” என்றார் லியோ அண்ணன், எழுந்தே விட்டார். “சுத்தி ஒரு விரக்கடை மிச்சம் தொங்குது பாரு, அத வெட்டி விட்டீன்னா இப்பவே மாட்டீரலாம், மத்தியானம் டூரிஸ்ட் பஸ்ஸுங்க வந்துரும்.” ஜாபேஸ் தலையாட்டினான். பிளேடை எடுத்தான், மூலையில் வைத்தான், ஓரத்திலிருந்து ஷாம்பு தண்ணீர் சொட்டியது, சொட்டு, சொட்டு, தொட்டியில் சோப்புக் கையோடு நின்றவளின் முதுகு, போனைப் பார்த்தபடி அவன் ம் என்று தலையாட்டியது... பிளேடு நின்றது, அன்று அவள் பேசியது இப்போது காதில் விழுந்தது. நாளைக்குத் தபித்தாள் அத்தையிடம் இதை எப்படிச் சொல்வது, இதையா சொல்வது?

“ஏனுங்க, நாளைக்கு ஒட்டுனதும் லியோ அண்ணன் ஓரத்த வெட்டச் சொல்லிக் குதிப்பாரு, நீங்களும் சரின்னு தலையாட்டீராதீங்க, ஈரம் காஞ்சா சுருங்கும், ஒரு நாள் அப்படியே கெடக்கட்டும்.”