ஆறு கிராம் வெள்ளி

வெள்ளி சுத்திகரிக்கும் அந்தப் பட்டறையின் சோதனைக்காரர் மனிதர்களை நம்பாதவர். எலக்ட்ரானை நம்புவார். உலகத்தில் எந்த எலக்ட்ரானை எடுத்தாலும் அதன் மின்னூட்டம் ஒன்றுதான். இம்மி கூடாது, குறையாது. அதனால் ஓடிய மின்சாரத்தை அளந்தால் எத்தனை எலக்ட்ரான் போயிற்று என்று சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தொட்டிக் கரைசலிலிருந்து ஒரு வெள்ளி அணு வந்து தகட்டில் ஒட்டும். அவருக்கு அதுதான் வேதவாக்கு.

அன்று மீட்டர்படி நாற்பது கிராம் ஒட்டியிருக்க வேண்டும். தராசு முப்பத்து நாலு என்றது. தொட்டிக்குக் காவல் இருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

“ஆறு கிராம் எங்கடா?”

“நான் தொடவே இல்ல மாமா. தகடு கறுத்துக் கெடக்கு பாருங்க, ஏதோ...”

“எலக்ட்ரான் பொய் சொல்லாதுடா, திருட்டு நாயே!”

உலை இடுக்கியின் முதல் அடி வாயில் விழுந்தது. பல்லோடு ரத்தம் தெறித்தது. அவன் மேசையைப் பிடித்து எழப் பார்த்தான். மேசை மேலிருந்த இடது கையில் அடுத்த அடி. விரல்கள் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. கோபம் கண்ணை மறைக்கும் என்பார்கள், காதை மறைக்கவில்லை.

அலறல் கேட்டு அவன் அக்கா ஓடிவந்தாள். அவளும் பத்து வருஷம் அதே மேசையில் சோதனை செய்தவள்தான்.

“எங்க ஒளிச்சேன்னு சொல்லு. இல்லேன்னா அடுத்த கை” என்று இடுக்கியை ஓங்கினார்.

“பொறுங்க!” அவள் குறுக்கே விழுந்தாள். “தகடு...” என்று தம்பி முனக, கறுத்த தகட்டைச் சுரண்டி ஒரு குடுவையில் அமிலம் விட்டுக் கரைத்தாள். அதில் அமோனியாவை ஊற்றினாள்.

குடுவை கருநீலமாயிற்று. செம்பு!

அவர் இடுக்கியை மேசையில் போட்டார். செம்பு அணு ஒன்று ஒட்ட இரண்டு எலக்ட்ரான் வேண்டும், எடையும் வெள்ளியைவிடக் குறைவு. தகட்டில் செம்பும் சேர்ந்து ஒட்டியதால்தான் எடை இறங்கியிருக்கிறது. தொட்டியில் செம்பு இருக்கிறதா என்று தினமும் காலையில் பார்க்க வேண்டியவர் அவர். அன்று அவசரத்தில் பார்க்காமலே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“கோடி கோடியா எலக்ட்ரானை எண்ணத் தெரியுது” என்றாள் அவள். “என் தம்பி சொன்ன ஒரு வார்த்தைய கேக்கத் தெரியலயா?”

இடுக்கி இப்போது அவள் கையில் இருந்தது. அவர் தம் வலது கையை மேசையில் வைத்தார், எடுக்கவில்லை. அவள் ஓங்கி இறக்கினாள்.