கோமதிசங்கர் பெயரில்

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் போன் வந்தபோதும் என்னால் அந்தக் கோப்பைத் திருத்த முடியவில்லை. இரண்டாயிரத்தில் காலாவதியாகும் மருந்தையெல்லாம் இப்போதே கெட்டுப்போனதாகக் காட்டுகிறது புரோகிராம். நான் எழுதியதுதான். எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் திரையில் ஒரே பல்லவி: கோமதிசங்கர் எடுத்திருக்கிறார், பூட்டியிருக்கிறது. அவனோ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

முன்பெல்லாம் எங்கள் பாளையங்கோட்டைக் கம்பெனியில் கோப்பின் தலையில் எழுதியவர் பெயர் இருக்கும், பழைய பிரதிகள் பிளாப்பியில் கிடக்கும். முதலாளி ஆவுடைநாயகம் அண்ணாச்சியின் தங்கை மகன் கோமதிசங்கர், பயிற்சிக்குப் போன இடத்திலிருந்து ஒரு சிடி கொண்டுவந்தான். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று அதிலிருந்த புரோகிராம் குறித்து வைக்குமாம். ஒருவர் திருத்த எடுத்தால் மற்றவர் தொடாதபடி பூட்டுமாம். அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

"எப்சி, அதான் மெஷினே பேரை வச்சுக்கிடுதுல்லா. இனி கோப்புல பேரு எதுக்கும்மா கெடக்கு? அழிச்சிரு."

அழித்தேன். மூன்று வருடம் எழுதிய கோப்புகளிலிருந்து என் பெயரை நானே, ஒவ்வொன்றாக, பிளாப்பியில் கிடந்த பிரதிகளையும் விடாமல். சாயங்காலம் கோமதிசங்கர் அத்தனையையும் மொத்தமாக உள்ளே ஏற்றினான். ஏற்றியவன் பெயரையே எழுதியவன் பெயராக அது வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. படித்த முட்டாள்.

பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். ஒருவருக்குத்தான் இடம். எனக்குத்தான் என்று அப்பா புதுப் பெட்டிகூட வாங்கிவிட்டார். வந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். கோப்புக்குக் கோப்பு கோமதிசங்கர்.

"எழுதினது நான் சார். எதை வேணும்னாலும் கேளுங்க" என்றேன். அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார். கோமதிசங்கர் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுகிறவளை யார் நம்புவார்கள்? அவருக்குக் காட்ட எடுத்த கோப்பைத் திருப்பி வைக்காமலே அவன் ரயிலேறிவிட்டான்.

இன்று ஆஸ்பத்திரிக்காரர்கள் விடாமல் கூப்பிடவும், அண்ணாச்சி பெங்களூருக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினார்.

"எக்கா, மறந்தே போச்சு. என் பேர்லயே உள்ள போயி சரி பண்ணிருங்க. பாஸ்வேர்டு காந்திமதி." குரலைத் தாழ்த்தினான். "கோவமா இருக்கியளாக்கா?"

"ஆஸ்பத்திரில காத்துக்கிட்டு இருக்காவ" என்று வைத்துவிட்டேன்.

அவன் பெயரில் நுழைந்தேன். காந்திமதி திறந்துவிட்டாள். திருத்தம் நான்கே வரி. திருப்பி வைக்கும்போது, என்ன மாற்றினீர்கள் என்று ஒரு கட்டம் கேட்டது. அதில் 'எப்சி' என்று அடித்தேன்.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

"அங்கன போயிப் பேரு எதுக்கும்மா?" என்றார், பைய.

என் விரல் அழிக்கும் விசையின் மேல் இருந்தது. கட்டத்துக்கு மேலே, இன்றைய தேதியோடு, கோமதிசங்கர் என்று ஏற்கெனவே விழுந்திருந்தது.