பங்காளி மடியில் குத்திய காது

புதுச்சத்திரம் சின்னுசாமியின் மகள் பாவாயி எழுபத்தைந்தாம் வருடம் வைகாசி மாதத்தில் வளர்வதை நிறுத்திக்கொண்டாள். அந்த வருடம் அந்தப் பக்கம் மழை பரவாயில்லை, கடலைக்காய் நன்றாகக் காய்த்திருந்தது, கோழிப்பண்ணை வைத்தால் கட்டுப்படியாகுமா என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பெண் ஒருத்தி வளராமல் நின்றுபோனதைக் கவனிக்க ஊருக்கு நேரமில்லை. முதலில் கண்டுபிடித்தது அவளைப் பெற்ற வசந்தாமணிதான். குழந்தையைத் தினமும் பார்க்கிறவர்கள் கண்ணில் படாதது, மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் பார்க்கக் கொடுத்துவைத்தவள் கண்ணில் சட்டென்று பட்டது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகத் தைத்து வைத்த பாவாடைகள் எல்லாம் அவளுக்குத் தொளதொளவென்றே இருந்தன.

வசந்தாமணி தம்மம்பட்டிக்காரி. சின்னுசாமிக்கு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை இருந்தது. பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு குடும்பமும் கட்டி வைத்திருக்கிறான் என்று தெரிந்த அன்று அவள் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி அண்ணன் மயில்சாமி வீட்டுக்கு வந்துவிட்டாள். சின்னுசாமி தேடியும் வரவில்லை. அஞ்சு வயசு வரைக்கும் அம்மாகிட்ட இருக்கறதுதான் சட்டம், அப்புறம் அப்பனுக்குத்தான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். குழந்தைக்குச் சோறூட்டி, சளி பிடித்தால் தைலம் தேய்த்து, நடக்கவும் பேசவும் பழக்கும் வேலையெல்லாம் அவள் தலையில் விழட்டும் என்று காத்திருந்தவன், ஐந்து முடிந்ததும் கேஸ் போட்டான். நீதிபதி நல்ல மனிதர்தான். சட்டப்படி குழந்தையை அப்பனிடம் கொடுத்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணிவரை அம்மா வைத்துக்கொள்ளலாம் என்றார். வசந்தாமணி கூண்டைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, பெண்ணுக்கு விவரம் தெரிகிற வயது வரட்டும், பன்னிரண்டு பதின்மூன்று ஆகட்டும், அப்போது கூட்டி வாருங்கள், யாரிடம் இருக்க வேண்டும் என்று அவளையே கேட்கலாம் என்று ஆறுதலாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் ஊர் திரும்பினாள்.

ஜெயித்தவன் சும்மா இருக்கவில்லை. குலதெய்வம் கோவிலில் பந்தல் போட்டு, கிடா வெட்டி, பாவாயிக்குக் காது குத்த ஏற்பாடு செய்தான். காது குத்துகிறபோது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். தாய்மாமனை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும், அவன் சீரோடு வந்து உருமால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மயில்சாமி உருமாலும் தோடும் முன்கூட்டியே வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிட வரவில்லை. கோவிலில் மாமன் முறையாகிற ஆட்கள் நாலைந்து பேரைச் சின்னுசாமி கேட்டுப் பார்த்தான். "மாமங்காரன் உசுரோட இருக்கறப்ப நாங்க எப்படிங்க உக்கார்றது" என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அவனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பட்டறையில் பங்குக்காரனும் ஒரே கூட்டத்துப் பங்காளியுமான நாச்சிமுத்துவைப் பிடித்து உட்கார வைத்தான். நாச்சிமுத்து குழந்தைக்குச் சித்தப்பன் முறை. சித்தப்பன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தியதாக அந்தச் சீமையில் அதற்கு முன் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆசாரி குத்தினார், பாவாயி அழவே இல்லை, எல்லோரும் கறிச்சோறு தின்றுவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு வந்த முதல் ஞாயிறுகளில் சின்னுசாமியின் அக்கா ஆத்தாயி குழந்தையைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு, அந்த வீட்டிலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்து, சாயங்காலம் கூட்டிப் போவாள். இளவயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டோடு வந்தவள் அவள். பாவாயி எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் ஓடினாள், தின்றாள், அடம் பிடித்தாள். காதில் குத்திய இடத்தில் மட்டும் ஒரு பொட்டு ரத்தம் நேற்றுக் குத்தியது போல ஈரமாகவே நின்றது. "என்ற செருப்பு இன்னும் பத்துதும்மா" என்று வருகிறபோதெல்லாம் பழைய செருப்பில் கச்சிதமாகப் பொருந்திய காலைப் பெருமையாகத் தூக்கிக் காட்டுவாள். வசந்தாமணி புதிதாகத் தைத்த பாவாடையை மறுபடி மடித்து வைப்பாள். இதில் ஒரு விசித்திரம் உண்டு. தம்மம்பட்டி வீட்டில் இருக்கிற அந்த ஒரு பகல் மட்டும் குழந்தை வளர்ந்தாள். ஒரு பகலுக்கு உரிய அளவு, கூடுதலுமில்லை குறைவுமில்லை. கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆட ஆரம்பித்தபோதுதான் வசந்தாமணிக்கு இது உறுதியாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடும் பல் திங்கட்கிழமை இறுகிவிடும் என்று ஆத்தாயி சொன்னாள். அடுத்த மாதம் வந்து வாசற்படி ஏறியதும் விட்ட இடத்திலிருந்து திரும்ப ஆடத் தொடங்கும். அந்தப் பல் அப்படியே வருடக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

புதுச்சத்திரத்தில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார். அவளோடு சிலேட்டுப் பிடித்தவர்கள் தாவணி போட்டார்கள், மீசை வைத்தார்கள், ரிக் லாரியில் ஏறி வடக்கே ஆழ்துளைக் கிணறு தோண்டப் போனார்கள். சின்னுசாமி பட்டறையோடு கோழிப்பண்ணையும் போட்டான். முட்டை ஏற்ற வருகிற டிரைவர்கள் வாசலில் விளையாடும் குழந்தையைப் பார்த்து, போன வருடம் பார்த்த குழந்தையின் தங்கை என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில் அவனுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதனால் இவள் சின்னதாகவே இருந்தது அவனுக்கு உள்ளூர ஒரு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம், மடியை விட்டுப் போகாத பிள்ளை யாருக்குக் கிடைக்கும். வசந்தாமணியால் அப்படி இருக்க முடியவில்லை. எண்பத்திரண்டில் அவள் மறுபடி கோர்ட்டுக்குப் போனாள். பாவாயிக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது என்று வக்கீல் பிறப்புச் சான்றிதழை நீட்டினார். நீதிபதி வேறு ஆள். அவர் சான்றிதழைப் பார்த்தார், பெஞ்சில் காலாட்டிக்கொண்டு முறுக்குத் தின்ற குழந்தையைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். இந்தக் குழந்தையிடம் என்ன விருப்பத்தைக் கேட்பது, வளர்ந்ததும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேஸைக் கூப்பிடச் சொன்னார்.

அன்று கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வைத்துத்தான் ஆத்தாயி வாயைத் திறந்தாள். "காது ஆறவே இல்ல அம்மணி. பங்காளி மடியில வெச்சுக் குத்துனது செல்லல. மாமன் மடி கெடைக்காத புள்ள எப்படி வளரும்? அது அங்கியே, அந்தக் கோயில்லயே உக்காந்துட்டு இருக்குது" என்றாள். வசந்தாமணி நேரே அண்ணனிடம் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். மயில்சாமி தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவன், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் கல்லாகிவிட்டான். "வெத்தல பாக்கு வெச்சு அவன் என்ற வாசலுக்கு வந்து கூப்படட்டும். கூப்படாத எடத்துல மாமன் எப்படி உக்கார்றது" என்றான். அவள் சின்னுசாமிக்கு ஆத்தாயி மூலம் சொல்லி அனுப்பினாள். "அவனா வந்து உக்காந்தா நானா வேண்டாங்கறேன்" என்று பதில் வந்தது. அழைத்தால் தோற்றதாகிவிடும் என்று ஒருவன், அழைக்காமல் போனால் மானம் போகும் என்று இன்னொருவன். இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவில் ஒரு பெண்குழந்தை ஐந்து வயதில் நின்றுகொண்டே இருந்தாள்.

எண்பத்து நான்காம் வருடம் தை மாதத்து முதல் ஞாயிறு. மயில்சாமி மஞ்சள் மண்டிக்குப் போயிருந்தான். வசந்தாமணி அவன் பெட்டியைத் திறந்து உருமாலை எடுத்தாள். மடிப்பு விழுந்த இடங்களில் பழுப்பேறிப் போயிருந்தது. தெருக்கோடி ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவர் ஊசியும் மஞ்சளுமாக வந்து உட்கார்ந்து, மாமன் எங்கே என்று கேட்டார். வசந்தாமணி உருமாலைத் தன் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு, சப்பணம் போட்டு உட்கார்ந்து, பாவாயியை மடியில் வைத்துக்கொண்டாள். "நாந்தானுங்க. அவரு குடிச்ச பாலத்தானுங்க நானும் குடிச்சு வளந்தேன்" என்றாள். ஆசாரி ஊசியைக் கீழே வைத்தார். ஆத்தாயி மூலையிலிருந்து, "குத்துங்க ஆசாரி, நான் பாத்துக்கறேன்" என்றாள். பழைய ஓட்டைக்கு ஒரு நெல்லளவு மேலே அவர் ஊசியை ஏற்றினார். பாவாயி வீறிட்டு அழுதாள். கோவிலில் அழ வேண்டிய அழுகையும் சேர்ந்து வந்தது போல இருந்தது.

அழுது முடித்தபோது ஆடிக்கொண்டிருந்த பல் வசந்தாமணியின் மடியில் விழுந்தது. அடுத்து பக்கத்துப் பல். விழுந்த இடத்தில் புதுப்பல் முளைத்தது, அதற்குள் மேல்வரிசையில் இரண்டு விழுந்தன. மடி கனத்தது. ஆறு வயது முகம் வந்து, நன்றாகப் பார்ப்பதற்குள் ஏழு வயது முகமாகிவிட்டது. கன்னச் சதை வற்றி, கை நீண்டு, தலைமயிர் தோளைத் தாண்டி இறங்கியது. செருப்பு வார் பட்டென்று அறுந்தது. ஆசாரி கும்பிட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். "மெதுவா சாமி, அம்மா பாக்கோணும், மெதுவா" என்று வசந்தாமணி கெஞ்சினாள். எந்த வருடமும் அவளுக்காக நிற்கவில்லை. பாவாடைத் தையல் பிரிந்தபோது அவள் தலையிலிருந்த உருமாலை அவிழ்த்து மகளைச் சுற்றிப் போர்த்தினாள். வெயில் சாய்கிற நேரத்தில் அவள் மடியில் பாதியும் தரையில் பாதியுமாக, அவளை விட அரைப்பிடி குறைந்த உயரத்தில், பதின்மூன்று முடிந்த ஒரு பெண் படுத்திருந்தாள். காதின் பழைய ஓட்டை தூர்ந்து போயிருந்தது. எட்டு வருடமாகக் காத்திருந்தது கிடைத்துவிட்டது. கிடைத்த மகிழ்ச்சியோடு, ஒரு பிள்ளை வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் ஒரே மத்தியானத்தில் தீர்ந்துபோன துக்கமும் சேர்ந்து வர, அவள் அந்தப் பற்களை முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள்.

மயில்சாமி திரும்பி வந்து, திறந்து கிடந்த பெட்டியையும் மருமகள் மேலிருந்த உருமாலையும் பார்த்தான். தோட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். அன்றைக்கென்று பார்த்துச் சின்னுசாமியே குழந்தையைக் கூட்டிப் போகக் காரில் வந்திருந்தான். வாசலுக்கு வந்த பெண்ணைப் பார்த்து, இது யாரென்று அக்காவைக் கேட்டான். "உன்ற புள்ளதான் தம்பி. நீ வளர உடாம வெச்சிருந்தது" என்றாள் ஆத்தாயி. கோர்ட்டு கேட்க வேண்டிய கேள்வியை அவனே கேட்க வேண்டியதாயிற்று. பாவாயி அப்பனையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள். "நான் அம்மா கூட இருந்துக்கறேனுங்கப்பா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். குரல் புதிதாக இருந்ததால் அவளுக்கே கூச்சமாக இருந்தது. சின்னுசாமி தலையை ஆட்டினான். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனும் ஆத்தாயியும் புதுச்சத்திரம் வந்து சேர்ந்து விளக்கைப் போட்டபோது, வாசலில் கயிற்றுக்கட்டிலில் பாவாயி உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது, காதில் ஒரு பொட்டு ரத்தம், காலில் அறுபடாத செருப்பு. காது குத்திய அன்று போட்டிருந்த பட்டுப் பாவாடை. கோவிலிலேயே உட்கார்ந்துவிட்டது இதுதான் என்று ஆத்தாயிக்குப் புரிந்தது. பசிக்கிறது என்றாள். ஆத்தாயி ஒரு முட்டையை வேகவைத்துத் தோலுரித்துக் கொடுத்தாள், அவள் மஞ்சள்கருவை முதலில் தின்றாள். சேதி தம்மம்பட்டிக்கு வந்தபோது வசந்தாமணி அடித்துப் பிடித்துக்கொண்டு போனாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள், சின்னுசாமி தடுக்கவில்லை. ராசிபுரம் வருவதற்குள் மடியில் கனமில்லை. குனிந்து பார்த்தால் குழந்தையும் இல்லை. திரும்பிப் போய்ப் பார்த்தாள், கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தது. பெரிய பாவாயி ஒரே ஒரு தடவை அம்மாவோடு வந்தாள். சின்னது அவளை அக்கா என்று கூப்பிட்டது. "என்னால பாக்க முடியலம்மா" என்றவள் அப்புறம் வரவில்லை. தையல் கற்றுக்கொண்டாள், எண்பத்தொன்பதில் நாமகிரிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டாள், நன்றாகவே இருக்கிறாள்.

முதல் ஞாயிறுகளில் இப்போது வசந்தாமணிதான் புதுச்சத்திரம் போகிறாள். கோர்ட்டு சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தலை நரைத்துப்போன சின்னுசாமி கேட்டைத் திறந்துவிட்டுக் கோழிப் பண்ணைப் பக்கம் போய்விடுவான். அவள் குழந்தைக்குத் தலை வாரி, பூ வைத்து, காதில் மஞ்சள் தடவுவாள். என்ற செருப்பு இன்னும் பத்துதும்மா என்று அது காலைத் தூக்கிக் காட்டும். ஆமா கண்ணு என்பாள். கிளம்புவதற்கு முன் வாயைத் திறக்கச் சொல்லி, கீழ்வரிசை முன்பல்லை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பாள். அது ஆடாது. பிறகு ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்து போவாள்.