காவடிக்கு முன்னால் ஊற்றும் தண்ணீர்

"அலகு குத்தும்போது வலிச்சா சாமி கோவிச்சுக்குமாப்பா?"

ராகினி ஆறு வயதில் கேட்ட கேள்வி அது. மாசி மகத்தன்று, சன்னாசிமலையில், காவடிக்காரர்கள் வரிசையில் நின்றபோது கேட்டாள். தங்கையா சிரித்தார். "பக்தி இருந்தா வலிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தை அலகுக்கு நீட்டினார். அன்று உண்மையாகவே வலிக்கவில்லை. அதற்குப் பிறகு எடுத்த இருபது காவடிகளிலும் வலிக்கவில்லை.

மகள் கல்யாணமாகி ஜொகூருக்குப் போய்விட்டாள். கேள்வியை அவள் மறந்திருப்பாள். பதில் சொன்னவர்தான் மறக்க முடியாமல் செங் என்ற ஊரில் தன் வீட்டு முன்னறையில், ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து நான்கு. முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலைச் சரக்கு லோரி ஓட்டியவர். போன வருடம் கண்டுபிடித்த புற்றுநோய் இப்போது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவியிருந்தது. நோயை நிறுத்த முடியாது, வலியைக் குறைக்க முடியும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு புட்டி மோர்ஃபின் மருந்தும், அளந்து குடிக்க ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமைகளில் புனிதா வருவாள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி; தாதியை அங்கே 'மிசி' என்பார்கள்.

"வலி எவ்வளவு அங்கிள்? ஒன்னுமே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து."

"ரெண்டு."

மூன்று செவ்வாயும் அதே பதில். மூன்று முறையும் புனிதா தன் தாளில் இரண்டு என்று எழுதிக்கொண்டு போனாள்.

நான்காம் செவ்வாய் அவள் தாளை எடுக்கவில்லை. மருந்துப் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கால் பங்குகூடக் குறையவில்லை. பிறகு நாற்காலியைப் பார்த்தாள். வலது கைப்பிடியில் ரெக்சின் நகத்தால் கிழிபட்டு, உள்ளேயிருந்த பஞ்சு வெளியே வந்திருந்தது.

"ஆண்ட்டி, அங்கிள் கட்டில்ல படுக்கிறாரா?"

"எங்க மிசி படுக்கிறாரு. பதினோரு நாளா அந்த நாற்காலிதான். கட்டுன பொண்டாட்டியவிட அதுகூடத்தான் ஒட்டுதல் ஜாஸ்தி" என்றாள் தங்கையாவின் மனைவி பாக்கியலட்சுமி. கேலியாகத்தான் சொன்னாள். சொன்னவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

புனிதா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நம்பர் வேணாம் அங்கிள். வேற கேக்கறேன். இப்ப இருக்கிற வலியோட லோரி எடுத்தா எது வரைக்கும் ஓட்டுவீங்க? தூரமா, கோலா சுங்கை பாரு வரைக்கும் போவீங்களா?"

உடம்பைப் பற்றிப் பொய் சொல்ல தங்கையா பழகியிருந்தார். லோரியைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

"கோலா சுங்கை பாருவா? நல்ல ஆளும்மா நீ."

"பக்கத்துல, கிளேபாங்?"

"அதுவும் ஆகாது. நம்ம செங் டிராபிக் லைட்டையே தாண்ட மாட்டேன். கிளச்ச மிதிச்சா உயிரே போயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது உறைத்தது. தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப அது ரெண்டு இல்ல" என்றாள் புனிதா மெதுவாக. "மூனு வாரமா நான் சரியா கேக்கல. என் தப்புதான். ஏன் அங்கிள் மருந்து குடிக்கல?"

சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தங்கையா குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி அவளுக்கு நெஞ்சு ஆப்பரேசன். அவ பொழச்சா, என் சொந்தக் கால்ல நடந்து முருகனுக்கு ஒரு செம்பு பால் ஊத்துறேன்னு வேண்டிக்கிட்டேன். அவளுக்கே தெரியாது. அடுத்த மாசிக்குள்ள எனக்கு இடுப்பு விழுந்துட்டு. நேர்த்திக்கடன் அப்படியே நிக்குது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "காவடி எடுத்தப்ப ஒரு நாளும் வலிச்சதில்ல மிசி. இப்ப சும்மா உக்காந்திருந்தாலே வலிக்குது. பக்தி போயிட்டுன்னுதானே அர்த்தம்? அதான், இந்த வலியத் தாங்கியாச்சும் அந்தக் கடன அடைக்கலாமுன்னு பாத்தேன். மருந்து குடிச்சிட்டா அது எப்படிச் செல்லும்?"

புனிதா சிரிக்கவில்லை. அவள் தாய்மாமனும் காவடி எடுப்பவர்.

"மாசி மகத்துல வெயில் எப்படி அங்கிள்?"

"தாரு உருகும்."

"அப்ப ரோட்டோரத்துல நிக்கிற ஜனங்க என்ன செய்வாங்க?"

"தண்ணி ஊத்துவாங்க. வாளியில, ஹோஸ்ல. காவடிக்காரன் காலு வெந்துடுமில்ல."

"நீங்க அந்தத் தண்ணியில கால் வெச்சு நடந்தீங்களா, இல்ல, வேணாமுன்னு சுத்திப் போனீங்களா?"

"அதுல வைக்காம? தண்ணி எங்க இருக்குன்னு கண்ணு தேடும்லா."

"இத்தன வருசமா தண்ணியில நடந்தீங்க. ஒரு காவடியாவது செல்லாமப் போச்சா?"

தங்கையாவுக்கு ஒரு சீனக் கடைக்காரர் நினைவுக்கு வந்தார். பெயர் தெரியாது. ஒவ்வொரு வருடமும் கடை வாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காவடி வரும்போது, கால் வைக்கப் போகும் இடமாகப் பார்த்து நனைத்துக்கொண்டே பின்வாங்குவார். அவரை அங்கே நிறுத்தி வைத்தது யார் என்பதில் தங்கையாவுக்கு அன்று சந்தேகமே வந்ததில்லை. ஒருவன் கால் சுடும் என்று இன்னொருவன் நினைக்கும் இடத்தில்தானே சாமி இருக்கிறார்.

"கொண்டா மிசி" என்று கையை நீட்டினார்.

புனிதா டாக்டருக்குப் போன் செய்து அளவைக் கேட்டுக்கொண்டாள். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலித்தாலும் வலிக்காவிட்டாலும் குடிக்க வேண்டும். குளிக்கவோ நடக்கவோ வேண்டியிருந்தால் அரை மணி நேரம் முன்பாகக் கூடுதலாகக் கொஞ்சம். மலம் இறுகாமலிருக்க வேறொரு மருந்து.

"வலி உள்ள வந்து குந்திக்கிட்டா எழுப்பறது கஷ்டம் ஆண்ட்டி. வர்றதுக்கு முந்தியே கதவச் சாத்திடணும்" என்றாள், காப்பியோடு வந்த பாக்கியலட்சுமியிடம்.

"பக்கத்து வீட்ல இது போதை மருந்துங்கிறாங்களே. பழகிடுமா மிசி?"

"வலிக்காக அளந்து குடிச்சா மருந்துதான் ஆண்ட்டி. நான் பாத்துக்கிட்டேதானே இருக்கேன்."

முதல் இரண்டு நாளும் தங்கையா பகலெல்லாம் தூங்கி வழிந்தார். வாந்தியும் எடுத்தார். பாக்கியலட்சுமி பயந்து போன் போட்டாள். செவ்வாய் வரக் காத்திருக்காமல் புனிதா வந்து வாந்திக்கு மாத்திரை கொடுத்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தார். பாக்கியலட்சுமி தொலைக்காட்சியைப் போடவில்லை, கரண்டியைச் சத்தமாக வைக்கவில்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, ஏறி இறங்கும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து, புனிதா சொல்லிக் கொடுத்தபடி, அன்றைய வலியோடு லோரி எது வரை போகும் என்று அவரைக் கேட்டு நாள்காட்டியில் தினமும் ஓர் ஊர் எழுதினாள். செங் லைட். மறுநாளும் செங் லைட். பிறகு கிளேபாங். ஒரு நாள் கராஜை விட்டே லோரி கிளம்பவில்லை. அவள் முகம் வாடியதைப் பார்த்து, "பழைய லோரி. ஒரு நாள் மக்கர் பண்ணத்தான் செய்யும்" என்று அவரே சமாதானம் சொன்னார். புனிதா டாக்டரைக் கேட்டு மருந்தின் அளவைச் சிறிது கூட்டினாள்.

அடுத்த செவ்வாய் அவள் உள்ளே நுழையும்போதே தங்கையா சொன்னார்: "கிளேபாங்ல நிறுத்தி கோக்கனட் ஷேக் குடிச்சிட்டுத்தான் வந்தேன் மிசி."

"அப்ப கோலா சுங்கை பாரு?"

"அது இனி ஆகாதும்மா. எனக்குத் தெரியும். கிளேபாங் போதும்."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு பாக்கியலட்சுமி காய்கறி வாங்க பாசாருக்குப் போனாள். தொழிற்சாலை பஸ்கள் போய் முடிந்து தெரு காலியாக இருந்தது. தங்கையா சிரிஞ்சில் கூடுதல் மருந்தை அளந்து குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை மணி நேரம் காத்திருந்தார். பிறகு பித்தளைச் செம்பில் பாலை ஊற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையில் தடியை எடுத்தார். செருப்புப் போடவில்லை.

தெருமுனை அரசமரத்தடியில் வேல் நட்ட சின்னக் கோயில் ஒன்று உண்டு. அறுபது அடி இருக்கும். மூன்று இடங்களில் வேலிக் கம்பியைப் பிடித்து நின்றார். வலி இருந்தது. பக்கத்து வீட்டு வானொலியைப் போல இருந்தது. காதில் விழுந்தது, ஆனாலும் நடக்க விட்டது.

வேலின் தலையிலிருந்து அடி வரை பால் வழிய ஊற்றினார். மனைவியின் பெயரை ஒரு முறை சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை.

வந்த வழியே மெல்லத் திரும்பி வந்தார். செம்பைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.