பீச்சாங்கை

பரசுராமன் வாயில் மண்ணைப் போடாமல் ஓயமாட்டேன் என்று மணியம்மை மனசுக்குள் முடிவு கட்டி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்ச நாள் போனால் கோபம் ஆறிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். ஆறவில்லை. அது என்ன சோறா, ஆறிப்போக?

பரசுராமன் மணவூர்ப் பக்கம் டிராக்டர் என்ஜினை மூடும் பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்பெனியில் மேனேஜர். மணியம்மையின் புருஷன் கந்தன் அங்கே ஸ்பிரே கன் பிடித்தவன். பெயிண்ட் அடிக்க ரோபோ வந்தபோது அதற்குக் கற்றுக்கொடுக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள். கற்றுக்கொடுப்பது என்றால் பாடம் நடத்துவது இல்லை. ரோபோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பானெட்டை முழுசாக அடித்துக் காட்டவேண்டும். பிடித்த கை போன வழியை எல்லாம் மனசில் வாங்கிக்கொண்டு, பிறகு அது தானே அப்படியே அடிக்கும். கந்தன் காட்டினான், ரோபோ கற்றுக்கொண்டது, கந்தனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதைக்கூட மணியம்மை பொறுத்திருப்பாள். ஆனால் முகமூடி கேட்டுக் கேட்டும் கிடைக்காமல் வருஷக்கணக்கில் பெயிண்ட் புகையை இழுத்ததில் அவனுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். ஆபீசர் விசாரித்தபோது பரசுராமன் வாய் கூசாமல் சொன்னான்: "கந்தனா? அவன் குப்பை கூட்டினவன் சார். பெயிண்ட் கன்னைத் தொட்டதுகூடக் கிடையாது."

ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று முதலாளியிடமும் சொல்லிவைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். கூட வேலை செய்தவர்கள் ஆபீசர் முன்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலை போய்விடும் என்ற பயம். அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை, ஆனாலும் மணியம்மை திட்டினாள்.

பிறகு அதே கம்பெனியின் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தாள். கந்தன் பெண்டாட்டி என்று பரசுராமனுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்க்கிறவளின் முகத்தை எந்த மேனேஜர் பார்த்தான்?

ஒருநாள் டீ கொண்டுபோனபோது கண்ணாடிக் கூண்டுக்குள் ரோபோ வேலை செய்வதைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பானெட்டில் பெயிண்ட் படுவதற்கு முன்னால் அது கன்னை மூன்று முறை காற்றில் சுற்றியது. அதுவும் வலமாக இல்லை, இடமாக. கடைசியில் மணிக்கட்டால் சின்னதாக ஓர் உதறல்.

கந்தன் பீச்சாங்கைக்காரன். திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கற்பூரம் காட்டுவதுபோல் மூன்று சுற்றுச் சுற்றாமல் அவன் எந்த வேலையையும் தொட்டதில்லை. இடது கையில் சுற்றுவதால் சுற்று இடமாக வரும், முடிவில் மணிக்கட்டில் ஓர் உதறலும் வரும். வீட்டில் முருகன் படத்துக்கும் அப்படித்தான். மாமியார் அந்தக் கையில் எத்தனையோ தரம் அடித்தும் மாறவில்லை. ரோபோவின் கையைப் பிடித்தபோதும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறான். அந்தக் கும்பிடையும் சேர்த்தே அது கற்றுக்கொண்டுவிட்டது! அந்தச் சுற்று எதற்கு என்று முதலாளி கேட்டதற்கு, கன்னுக்குள் பெயிண்ட் நன்றாகக் கலப்பதற்கு என்று பரசுராமன் அளந்துவிட்டிருந்தான்.

மணியம்மை யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆயுதபூஜைக்குக் காத்திருந்தாள்.

பூஜைக்குத் தொழிலாளிகளின் குடும்பங்களும் வந்திருந்தன. கே.ஜி.கண்டிகை வீட்டிலிருந்து கந்தனை ஆட்டோவில் கூட்டிவந்து கூட்டத்துக்குப் பின்னால் உட்காரவைத்தாள். கண்ணாடிக் கூண்டுக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முதலாளி பங்காரு, பரசுராமன் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசினார்.

"இந்த மெஷினுக்குள்ள இருக்கிறது நம்ம பரசுராமன் கையி. இனிமே ரெண்டு யூனிட்டையும் அவருதான் பாத்துக்கப் போறாரு."

கைதட்டல் ஓய்வதற்குள் மணியம்மை கற்பூரத்தை ஏற்றித் தட்டைப் பரசுராமனிடம் நீட்டினாள். "நீங்களே காட்டுங்க சார். உங்க கைதான?"

அவன் பல்லெல்லாம் தெரிய வாங்கினான். வலது கையில், வலமாக, ஊரே காட்டுகிற மாதிரி காட்டினான். பிறகு ரோபோவை ஓட்டினார்கள். அது இடமாக மூன்று சுற்றுச் சுற்றி, ஓர் உதறு உதறிவிட்டு அடிக்க ஆரம்பித்தது.

"மொதலாளி, ஒரு நிமிசம்ங்க," என்றாள் மணியம்மை. "சார் கைன்னு சொன்னீங்க. சார் வலமா சுத்துறாரு. அது மட்டும் ஏன் இடமா சுத்துது?"

"அது பெயிண்ட் கலக்குறதுக்கு. நீ தட்டை வெச்சுட்டுப் போம்மா," என்றான் பரசுராமன்.

"ஆங், போறேன் சார். அதுக்கு முன்னாடி இன்னொருத்தரு காட்டட்டும்."

கந்தனைக் கைபிடித்து முன்னால் கூட்டிவந்தாள். அவனைக் கண்டதும் பரசுராமன் முகத்தில் ஈயாடவில்லை. கந்தன் தட்டை வலது கையில் வாங்கப் போனான். இத்தனை பேர் முன்னால், சாமி காரியத்துக்கு, அந்தக் கையையா நீட்டுவது?

"பீச்சாங்கையிலயே காட்டுய்யா," என்றாள். "இவ்ளோ நாளா எத்த மறைச்சுகினு இருந்தியோ, அத்தாலயே காட்டு."

காட்டினான். இடமாக மூன்று சுற்று. முடிவில் ஓர் உதறல். கற்பூரத் துணுக்கு ஒன்று கீழே விழுந்து எரிந்தது.

"டேய், கந்தன் கைடா அது!" என்று கத்தினான் முனியன். அன்றைக்குத் தரையைப் பார்த்த அதே முனியன்.

பங்காரு ரோபோவை மறுபடி ஓட்டச் சொன்னார். கந்தனையும் இன்னொரு முறை காட்டச் சொன்னார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு குப்பை கூட்டினவராம் மொதலாளி," என்றாள் மணியம்மை. "பெயிண்ட் கன்னையே தொட்டது இல்லியாம். லேபர் ஆபீசுல சார்தான் சொன்னாரு."

பங்காரு பரசுராமன் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனிடம் சொன்னார்.

"லேபர் ஆபீசுக்கு நானே வரேன். நீயும் வா. நான் பக்கத்துல நிக்கிறேன், உன் வாயால மாத்திச் சொல்லு. ரெண்டு யூனிட்டுப் பேச்செல்லாம் இனிமே கெடையாது."

"போதும் மணி, வா போலாம்," என்று கந்தன் இளைத்தபடி அவள் முந்தானையை இழுத்தான். அவனுக்குப் போதும். அவளுக்குப் போதவில்லை.

பரசுராமனிடம் போய் விபூதித் தட்டை நீட்டினாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அந்தச் சுத்தை எடுத்துடலாம்னு பாக்காதீங்க சார். அது அங்கியே இருக்கட்டும். ஒவ்வொரு பானெட்டுக்கும் சுத்தும். நீங்க பாத்துகினே நில்லுங்க."

கூண்டுக்குள் அடுத்த பானெட் வந்து நின்றது. ரோபோ சுற்றத் தொடங்கியது. பரசுராமன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிவதைப் பார்த்த பிறகுதான் மணியம்மை கந்தனின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.