கனிசியஸின் பட்டியலில் ஒன்பது கசெற்றுகள்

1.

இந்தக் கதை ஒரு கடிதத்தால் வந்தது. சிற்றிதழ் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்: இந்த ஆண்டில் உங்களுக்குப் பிடித்த பத்து இசைத்தொகுப்புகளைப் பட்டியலிட்டு அனுப்புங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒப்புக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்தும் நாலு பெயருக்கு மேல் போகவில்லை. கேட்காமல் இல்லை. இப்போது எதையும் கேட்கலாம்; அதனால்தானோ என்னவோ எதையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை. [இது கட்டுரைக்குப் போகவேண்டிய வரி. கிடக்கட்டும்.]

ஐந்து என்று எண்ணைப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தபோது, கரண்டும் பற்றரியும் இல்லாத ஒரு வருடத்தில் இதே வேலையைச் செய்த ஒருவர் நினைவுக்கு வந்தார். ஆசிரியர் மன்னிக்க வேண்டும். பட்டியலுக்குப் பதிலாக அவருக்கு இதுதான் கிடைக்கப்போகிறது.

2.

முதல் தொடக்கம்: 'கடல் அன்று அமைதியாக' – வேண்டாம். அந்த வருடம் கனிசியஸ் கடலைக் கண்ணால் காணவில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'போர் தின்ற குடாநாட்டில் இசை மட்டும்' – சீ.

மூன்றாம் தொடக்கம்: லூர்த்தம்மா சைக்கிள் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இது சரி. இங்கிருந்து போகலாம்.

1991. கனிசியஸ் யாழ்ப்பாணத்துக் குருநகர் மீனவர், நாற்பது வயது. முந்தின வருடக் கோட்டைச் சண்டையோடு இடம்பெயர்ந்து, மனைவி லூர்த்தம்மாவுடன் சண்டிலிப்பாயில் நாகலிங்கம் என்பவரின் புகையிலைக் கொட்டிலில் இருந்தார். நாகலிங்கத்தின் தோட்டத்தில் இருவரும் வேலை செய்தார்கள். மாலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள். டைனமோவிலிருந்து ஒரு வயர் கசெற் றேடியோவுக்குப் போகும். லூர்த்தம்மா பெடலைச் சுற்ற, கனிசியஸ் காதைக் கிட்ட வைத்துக் கேட்பார். கை தளர்ந்தால் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். வேகம் கூடினால் பாடகி சின்னப் பிள்ளையாகிவிடுவாள். ஒரே சீராகச் சுற்றுவதில் லூர்த்தம்மா கெட்டிக்காரி.

"நான் சுத்தாட்டி உவருக்குப் பாட்டும் இல்லை, பட்டியலும் இல்லை" என்பாள்.

பட்டியல் என்றால், 1984 முதல் ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் அவர் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதும் 'இந்த வருசத்துப் பத்து'. அதை, கசெற்றில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் நீக்கிலாப்பிள்ளையின் றெக்கோடிங் பார் கதவில் ஒட்டுவார். நீக்கிலாப்பிள்ளையும் நகரத்திலிருந்து இடம்பெயர்ந்து, சண்டிலிப்பாய்ச் சந்தியில் ஒரு சைக்கிள் கடையின் பாதியில் தன் கசெற்றுகளை அடுக்கியிருந்தார். கதவில் ஒட்டியதைச் சனம் நின்று வாசிக்கும். பிறகு அந்தக் கசெற்றுகளைத்தான் பிரதி எடுக்கக் கேட்கும்.

'இந்த வருசத்துப்' பாட்டு என்பதற்கு அங்கே ஒரு தனிப் பொருள் இருந்தது. எப்போது வெளிவந்தது என்பதல்ல, எப்போது எங்களிடம் வந்து சேர்ந்தது என்பதே கணக்கு. வவுனியா தாண்டி, சோதனைகள் தாண்டி, யாருடையதோ உடுப்புப் பைக்குள் மூன்று வருடம் பிந்தி வந்த கசெற்றும் இந்த வருசத்துக் கசெற்தான்.

1991ஆம் ஆண்டுத் தாளிலிருந்து எனக்கு நினைவிலிருப்பவை:*

முதலாவது, ஒரு நாதசுரக் கசெற். பக்கத்தில் அவர் எழுதியது: 'ரெண்டாம் பக்கத்திலை தவில்காரர் ஒருக்காச் சிரிக்கிறார். அதுக்காக.'
நாலாவது, கொழும்பிலிருந்து வந்த பைலா ஆட்டப்பாட்டு. 'பாட்டு சரியில்லை. கிற்றார்காரன் தெய்வம்.'
ஏழாவது, பெயர் அழிந்துபோன ஒன்று. 'ஆர் பாடினது எண்டு தெரியாது. பாடினவர் எங்கை இருந்தாலும் சுகமா இருக்கவேணும்.'

(*தொகுப்புகளின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். சொன்னால் நீங்கள் அந்தப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கி, கனிசியஸை மறந்துவிடுவீர்கள்.)

3.

இனி எட்வேர்ட். இந்தப் பாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. வட்டுக்கோட்டைச் சங்கீத ஆசிரியர், மிசன் பள்ளிக்கூட ஆர்மோனியத்தோடு வளர்ந்தவர், முப்பத்தைந்து வயது. கனிசியஸை றெக்கோடிங் பாரில் சந்தித்து, ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அவரோடு பாட்டுக் கதைப்பவர். நல்ல மனிதர் என்று எழுதினால் பொய்யாக இருக்கிறது. கெட்டவர் என்று எழுதக் கை வரவில்லை.

அந்த வருடம் எட்வேர்ட் சொந்தமாக ஒரு கசெற் செய்தார். 'உப்புக் காற்று' என்று பெயர். கடலைப் பற்றி எட்டுப் பாட்டு. அவரே எழுதி, மெட்டுப் போட்டு, மனைவி பொன்மலரோடு சேர்ந்து பாடினார். கோயில் மண்டபத்தில் ஜெனரேற்றர் வைத்து ஒரே பகலில் பதிவு. முப்பது பிரதி. முதல் பிரதியைக் கனிசியஸின் கையில் கொடுத்தார்.

கனிசியஸ் மூன்று கிழமை ஒன்றும் சொல்லவில்லை.

மார்கழிக் கடைசியில் தாள் கதவில் ஏறியது. எட்வேர்ட் சனத்துக்குள் நின்று வாசித்தார். ஒன்பது பெயர்கள். கீழே '10' என்று எண் மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

4.

எட்வேர்ட் அங்கிருந்து நேரே கொட்டிலுக்குப் போனார். லூர்த்தம்மா சுற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பத்தாவது என்ன அண்ணை?"

"இல்லை."

"இல்லையெண்டால்?"

"இந்த வருசம் எனக்கு ஒன்பதுதான் பிடிச்சது, மாஸ்ரர்."

"என்ரை கசெற்றைக் கேட்டனீங்களோ?"

"பதினொரு தரம்."

"ஓம் மாஸ்ரர்" என்றாள் லூர்த்தம்மா. "வேறை ஒண்டையும் உவ்வளவு தரம் சுத்தேல்லை. கை நொந்துபோச்சு."

கனிசியஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பொன்மலரின்ரை குரல் நல்லம். மெட்டும் பிழையில்லை. ஆனா மூண்டாம் பாட்டிலை தோணி வலிக்கிறவன் பாடுறான் எல்லோ? அவன் வலிக்கேல்லை, மாஸ்ரர். கரையிலை கதிரை போட்டு இருந்து பாடுறான்."

"கற்பனை எண்டு ஒண்டு இருக்குத்தானே?"

"இருக்கட்டும். நான் கடலைக் கேக்கலாம் எண்டு ஆசையாப் போட்டனான். பதினொரு தரமும் அந்த ஆசையிலைதான் போட்டனான்."

"பத்தாவதா எண்டாலும் எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம். பிறகு நீங்கள் என்னட்டை வந்து கேக்கத் தேவையில்லை. ஆரையும் கேக்கலாம்."

எட்வேர்ட் வாசலுக்குத் திரும்பினார். "சரி அண்ணை, பாப்பம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி

5.

இல்லை. அப்படி நடக்கவில்லை.

இதை மூன்று பிரதியிலும் அப்படியே எழுதி, மூன்றிலும் அதே இடத்தில் நின்றுவிட்டேன். எட்வேர்டை நம்பமுடியாமல் போனதன் காரணம் இதுதான். எட்வேர்ட் நான். பொன்மலர் என் மனைவி. நான் சொன்னது 'சரி அண்ணை' அல்ல. நான் சொன்னது இது:

"ஒன்றரை வருசமா நீங்களும் கரையிலைதானே இருக்கிறியள்? ஆருக்குக் கடல் தெரியும் எண்டு கதைக்கிறியள்?"

லூர்த்தம்மாவின் கை நின்றது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு இழுபட்டு, தடித்து, உறுமி, அடங்கியது. கனிசியஸ் டைனமோ வயரைக் கழற்றினார். எழுந்து கசெற்றை வெளியே எடுத்தார். சைக்கிளை நிமிர்த்தினார். உருட்டிக்கொண்டு ஒழுங்கையால் போய்விட்டார்.

"நீங்கள் போங்கோ மாஸ்ரர்" என்றாள் லூர்த்தம்மா. அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. "அந்த மனுசன் இப்பவும் விடிய எழும்பினா, காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்திட்டுத்தான் முகம் கழுவும். போங்கோ."

6.

நாலு மாதம் நான் சண்டிலிப்பாய்ப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமைகளில் மாணவர்களின் கொப்பிகளைத் திருத்தினேன். ஒருநாள் பொன்மலர் உலையில் அரிசி போட்டுக்கொண்டே சொன்னாள்:

"மூண்டாம் பாட்டிலை அந்த நீட்டு வரிக்கு எனக்கும் மூச்சுக் காணாது. நீங்களாக் கேப்பியள் எண்டு பாத்தன். கேக்கேல்லை."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா எனக்கும் ஏதாவது சொல்லியிருப்பியள்."

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை போனேன். லூர்த்தம்மா தோட்டத்தில் நின்றாள். கனிசியஸ் மட்டும் கொட்டிலில், தலைகீழான சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைத் தொடங்கினேன்.

"அண்ணை, அண்டைக்கு நான்—"

"சுத்துங்கோ மாஸ்ரர்."

என் கசெற்றையே போட்டார். நான் குந்தியிருந்து பெடலைச் சுற்றினேன். முதற் பாட்டில் என் குரல் ஏறி இறங்கியது. இரண்டாம் பாட்டில் கை பழகியது. மூன்றாம் பாட்டு வந்ததும் அவர் சொன்னார்: "விடாதேங்கோ. சேந்து பாடுங்கோ."

பாடினேன். தோள்மூட்டு எரிந்தது. நீட்டு வரி வந்தது. நானே எழுதிய வரி. கதிரையில் இருந்து, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு எழுதிய வரி. பாதிக்கு மேல் போக முடியவில்லை. கை கீழே போகும்போது மூச்சும் போனது. சொல் நடுவில் அறுந்தது. கசெற்றில் இருந்த நான் மட்டும் சுகமாகப் பாடிக்கொண்டு போனேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"இப்ப எங்கை மூச்சு எடுத்தனீங்களோ, அங்கை வெட்டுங்கோ" என்றார் கனிசியஸ்.

பாட்டு முடிந்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டேன். அவர் றேடியோவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சொன்னது பொய்யில்லையே. கரையிலைதான் இருக்கிறன். அதாலைதான் நொந்தது."

7.

எட்டுப் பாட்டில் ஐந்தைக் கழித்தேன். மிச்சம் மூன்றையும் திருத்த ஒன்றரை வருடம் எடுத்தது. 1993 கார்த்திகையில் மறுபடி பதிந்து ஒரு பிரதியை லூர்த்தம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கனிசியஸ் அதைப் பட்டியலில் முதலாவதாகப் போடுகிறார்; வெட்கமாக இருந்தது, கிழித்தேன். இன்னொன்றில் போடவேயில்லை, அதில் நான் மிகவும் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன், அதையும் கிழித்தேன். மூன்றாவதில் ஷெல் வந்து விழுகிறது. அதை எழுதியதற்காகவே வெட்கப்படுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மார்கழியில் ஒருநாள் கனிசியஸ் மழைக்குள் சைக்கிள் மிதித்து வட்டுக்கோட்டைக்கு வந்தார். அதற்கு முன் என் வீட்டுக்கு வந்ததில்லை. தலையைத் துவட்டிவிட்டு, "அந்தத் தோணிப் பாட்டை ஒருக்கா நேரை பாடுங்கோ" என்றார். நானும் பொன்மலரும் பாடினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வலது கை தொடையின் மேல் கிடந்து முன்னும் பின்னும் மெல்ல அசைந்தது. தேத்தண்ணீர் குடித்தார். போனார்.

இரண்டு நாள் கழித்துத் தாள் ஒட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் போகவில்லை. அந்தக் கை அசைந்ததைக் கண்ட பிறகு எனக்கு எண் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பொன்மலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"சொல்லட்டே?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"வேண்டாம்" என்றேன்.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்க, எல்லோரும் ஊரைவிட்டு நடந்தபோது நாங்களும் நடந்தோம். கனிசியஸும் லூர்த்தம்மாவும் மன்னார்ப் பக்கம் போனார்கள் என்றும், அங்கே அவர் திரும்பவும் கடலுக்குப் போகிறார் என்றும் பிறகு ஆட்கள் சொன்னார்கள். நான் நம்புகிறேன்.

இத்தனை வருடத்தில் பொன்மலர் இன்னும் இரண்டு தரம் கேட்டாள், சொல்லட்டே என்று. இரண்டு தரமும் வேண்டாம் என்றேன். இந்தக் கதையைத் தட்டச்சுச் செய்து அனுப்பப்போவதும் அவள்தான். விரும்பினால் கீழே ஒரு வரி சேர்க்கட்டும். நான் திரும்ப வாசிக்கமாட்டேன். நீங்கள் வாசியுங்கள்.

[இவர் கேட்டால் இவருக்குச் சொல்லுவன். இவரை விட்டிட்டு உங்களுக்கு மட்டும் எப்படிச் சொல்லுறது? – பொன்மலர்]