சம்பந்தியின் பைக் சாவி

என் தங்கை கல்யாணத்தில் பந்தி முடிந்ததும், மாப்பிள்ளையின் சித்தப்பா நீலமேகம் முழு போதையில் பைக்கைக் கிளப்பினார். பின்னால் அவர் மனைவி எல்லையம்மாள், மடியில் குழந்தை. ஓடிப்போய் சாவியைப் பிடுங்கினேன்.

“வேன் நிக்குது, அதுல போங்க.”

“சம்பந்தி வீட்டுக்கு இதுதான் மரியாதையா?” என்று கத்தினார்.

அப்பா பதறிப்போய் அவரைக் கும்பிட்டார். “குடுத்துடு ஆர்த்தி, உன் தங்கச்சி அங்க வாழணும்.”

குடித்தவருக்குக் கும்பிடு, எனக்குத் திட்டு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவே என் கையிலிருந்த சாவியைப் பறித்து அவரிடம் நீட்டினார்.

எல்லையம்மாள் குழந்தையோடு இறங்கிவந்து, சாவியைப் பிடுங்கிப் பக்கத்திலிருந்த வாய்க்காலில் வீசினார். அப்பாவிடம் திரும்பினார்.

“அவரு மரியாதையப் பாத்தீங்க. பின்னாடி புள்ளையோட உக்காந்திருந்தேனே, என்னைப் பாத்தீங்களா?”